கற்றாழை சிவந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆச்சி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள ஓர் ஊரிலிருந்து 63 வயது ஆச்சி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் கடிதத்தின் சாரம் மட்டும் இங்கே.

பிள்ளைகள் வெளியூரில். பூர்வீக வீட்டில் ஆச்சியும் அவர் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கிறார்கள். வீடு நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் உள்பக்கம், 22 தொட்டிகளில் சோற்றுக்கற்றாழை வளர்த்துவந்தார். இலைகள் நீண்டு, மெலிந்து, சரிந்துகொண்டே போயின. "கற்றாழைக்கு முழு வெயில் வேணும்" என்று யாரோ சொல்ல, பங்குனிக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். ஒரு வாரத்தில் பச்சை போய்ச் செங்கல் நிறம் வந்தது, நுனி காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கத்திரி முழுக்கக் காலையும் மாலையும் ஊற்றினார். தெம்புக்குப் பச்சைச் சாணிக் கரைசல், அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள். ஆனி முடிவதற்குள் ஏழு செடிகள் அடியோடு கூழாகிவிட்டன. மாமியார் கையால் வைத்து 30 வருடத்துக்கு மேல் ஆன தாய்ச்செடிக்கும் இப்போது அடித்தண்டு பழுப்பாகிவிட்டது.

அவர் எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்: "வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டின கற்றாழை போன தையில் கட்டியது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது இன்னும் பச்சையாக இருக்கிறது. நான் பார்த்துப் பார்த்து ஊற்றியதெல்லாம் செத்துப்போகிறது. என் கை ராசியில்லாத கையா?"

தொட்டிகளைத் திரும்ப வளவுக்குக் கொண்டுவந்தால் பங்காளிகள் ஆட்சேபிக்கிறார்களாம். இன்னும் சில சின்னக் கேள்விகளும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆச்சி, வணக்கம்.

உங்கள் கைராசிக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே செடியை 30 வருடம் உயிரோடு வைத்திருந்த வீடு உங்களுடையது. மாமியார் வைத்த செடி பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இதைப் படித்து முடித்ததும் இரண்டு வேலை செய்துவிடுங்கள். எல்லாத் தொட்டிக்கும் தண்ணீரை நிறுத்துங்கள். தாய்ச்செடியை மாடியிலிருந்து இறக்கி நிழலில் வையுங்கள். மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

வாசலில் கட்டிய செடியைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது. அந்தச் செடி தன் இலையில் சேர்த்துவைத்த தண்ணீரை வைத்தே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறது. வேர் காற்றில் இருக்கிறது, காய்ந்திருக்கிறது, ஆனால் அழுகவில்லை. மேலே முகப்பின் நிழல், பக்கத்தில் காற்றோட்டம். மாடியில் இருந்த செடிகளுக்கோ வேர் பகலெல்லாம் சூடான சேற்றில் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

சிவப்பு தாகத்தின் அடையாளம் இல்லை

செடி சிவந்தால் தாகம் என்று நம்மில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். மற்ற செடி வாடினால் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை அப்படித்தான் போகும். கற்றாழையில் கணக்கு வேறு. திடீரென்று அதிக வெயில் பட்டால் இலை தன்னைக் காத்துக்கொள்ளச் செம்பழுப்பு நிறமிகளைச் சேர்த்துக்கொள்கிறது. நிழலுக்குக் கொண்டுபோனால் சில வாரங்களில் பச்சை திரும்பிவிடும். அடித்தண்டு கெட்டியாக, இலை தடிமனாக இருக்கும் வரை சிவப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

வெயில் சுட்ட காயம் வேறு மாதிரி இருக்கும். இலையின் மேல்பக்கத்தில், வெயில் நேராகப் படும் இடத்தில் மட்டும், வெளிறிய திட்டு விழும். பிறகு அது காய்ந்த காகிதம் போலப் பழுப்பாகும். இந்தத் தழும்பு மாறாது. அந்த இலை உயிரோடு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். நடுவிலிருந்து புது இலை வர வர, பழையது தானாகக் கீழே போய்விடும்.

தாகம் எடுத்த கற்றாழை எப்படி இருக்கும்? இலை மெலியும். இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு வாய்க்கால் மாதிரிக் குழியும். விரலால் அமுக்கினால் தொய்வாக இருக்கும், ஆனால் கூழாகாது. அழுகல் வந்த செடியில் அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். தண்டு ஓரம் அமுங்கும். முகர்ந்தால் நாற்றம் வரும். செடியை மெல்ல அசைத்தால் பிடிப்பில்லாமல் ஆடும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வேர் அழுகிய செடியும் இலை சுருங்கும். தண்ணீர் இருந்தும் உறிஞ்ச வேர் இல்லாததால் அப்படி ஆகிறது. மண் ஈரமாக இருந்து இலை சுருங்கினால் அது தாகமல்ல, வேர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதி இருக்கும் செடிகள் சுருங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு தண்ணீர் ஏன் கெடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிவைத்துக்கொண்டு இரவில் திறந்து மூச்சு வாங்கும் செடி. உச்சி வெயிலில் அது தண்ணீரை மேலே இழுப்பதே மிகக் குறைவு. நீங்கள் காலையில் ஊற்றியது தொட்டியிலேயே தங்கிச் சூடாகிறது. மொட்டை மாடித் தளத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கம் கத்திரியில் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூடான ஈர மண்ணில் காற்று இருக்காது, வேர் மூச்சுமுட்டும். பூஞ்சைக்கும் அழுகல் பாக்டீரியாவுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. அதன் மேல் பச்சைச் சாணி வேறு. அது மண்ணுக்குள் புளிக்கும்போது இருக்கிற கொஞ்சக் காற்றையும் இழுத்துவிடும்.

மாமியார் வைத்த செடிக்கு

தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். இழுக்க வேண்டாம். வராவிட்டால் தொட்டியை உடைத்தாலும் பரவாயில்லை. மண்ணை உதறிவிட்டு வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் மஞ்சளாகவோ ஆரஞ்சு கலந்த நிறமாகவோ, இழுத்தால் அறாமல் இருக்கும். கெட்ட வேர் கறுத்து, விரலில் பிடித்தால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும்.

கெட்டதை எல்லாம் வெட்டி எடுங்கள். காய்கறி நறுக்கும் கத்தி போதும். நெருப்பில் காட்டி ஆறவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். தண்டிலும் பழுப்பு இருந்தால் கீழிருந்து மேலே மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டே போங்கள். வெட்டு முகம் முழுக்க வெளிறிய பச்சையாக, ஒரு புள்ளிப் பழுப்பும் இல்லாமல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்தாலும் ஒரு வாரத்தில் அது மேலே ஏறிவிடும். அதனால் இங்கே இரக்கம் பார்க்க வேண்டாம். அடி இலைகள் நாலைந்து போகும், போகட்டும். கடைசியில் ஒரு விரல்கடை தண்டும் அதன் மேல் குருத்தும் இலைகளும் மிஞ்சினாலே செடி திரும்பும்.

வெட்டிய இடத்தில் மஞ்சள் தூள் தடவுவது நம் பழக்கம். தடவுங்கள், தப்பில்லை. ஆனால் செடியைக் காப்பாற்றுவது காயவைப்பதுதான். செடியை அப்படியே மண்ணில்லாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள் வைத்திருங்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு பழைய முறத்தில் வைத்தாலும் சரி, வாசல் செடி மாதிரிக் கட்டித் தொங்கவிட்டாலும் சரி. வெட்டு முகம் காய்ந்து தோல் கட்டிக்கொள்ள வேண்டும். தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது.

பிறகு காய்ந்த மண் கலவையில் நட்டு, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் வைத்து முட்டுக் கொடுங்கள். அப்புறமும் பத்து நாள் தண்ணீர் கிடையாது. கை துறுதுறுக்கும். அதற்காகவே தொட்டியைக் கண்ணில் படாத பக்கமாக வையுங்கள். பத்து நாள் கழித்து ஒரு டம்ளர், அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு டம்ளர். குருத்து அசைந்து நீளத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது.

தாய்ச்செடியைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 30 வருடச் செடிக்கு இல்லாமல் இருக்காது. கெட்டியாக உள்ள மூன்று கன்றுகளை வேரோடு பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வைத்துவிடுங்கள். தாய்க்கு ஏதாவது ஆனாலும் அதே செடிதான் இவற்றிலும் இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் பெரிதாகிவிடும். கன்றுகளில் வெள்ளைப் புள்ளி இருப்பதை நோய் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். நோயில்லை. இளசில் அப்படித்தான் இருக்கும், பல செடிகளில் வளர வளர மறைந்துவிடும்.

செத்துப்போன செடிகளின் நல்ல இலைகளை மண்ணில் செருகிவைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவை முளைக்காது, எடுத்துவிடுங்கள். சில சதைப்பற்றுச் செடிகளில் ஒரு இலையே செடியாகும். சோற்றுக்கற்றாழையில் ஆகாது. தண்டோ கன்றோ வேண்டும்.

மாடியா, வளவா, தரையா?

நீங்கள் கேட்ட மூன்று இடத்திலும் கற்றாழை வளர்க்கலாம். மூன்றுக்கும் வேறு வேறு நிபந்தனை உண்டு.

மாடியில் வைப்பதானால் வெயில் தானே நல்லது என்று ஒரேயடியாக ஏற்றக் கூடாது. நிழலில் வளர்ந்த இலைக்கு நேர்வெயிலைத் தாங்கும் பழக்கம் இல்லை. முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி, அதற்கடுத்து மூன்று என்று மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி இதற்குத் தோதான மாதமே இல்லை. மழை ஓய்ந்த மார்கழி, தை சரியான காலம். அப்போது ஏற்றிய செடி கோடை வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். பழகிய செடிக்கும் சித்திரையிலிருந்து ஆனி வரை 50 சதவீத நிழல்வலை கட்டாயம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரியில் மதியம் 12 மணிக்கு மேல் நேர்வெயில் படவே வேண்டாம். தொட்டிகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் அடுக்கித் தூக்கி, ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். கறுப்புத் தொட்டியின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், அல்லது சாக்கு சுற்றுங்கள்.

ஆனால் ஆச்சி, உங்கள் மாடியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நூறு வருடத்துக்கு மேலான வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புத் தளத்துக்குக் கீழே மர உத்திரம் இருக்கும். 22 தொட்டிகளின் கனமும் தினம் இரண்டு வேளை வழிந்த தண்ணீரும் அதற்கு ஆகாது. கீழ் அறையில் தொட்டிகளுக்கு நேர் கீழே ஓதமோ, உத்திரத்தில் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொத்தனாரைக் காட்டிவிடுங்கள். செடியை நாளைக்கும் வாங்கிக்கொள்ளலாம். தேக்கு உத்திரத்தை மாற்ற இன்றைக்கு ஆகும் செலவு உங்களுக்கே தெரியும்.

வளவுதான் என் சிபாரிசு. முன்பு அங்கே செடி மெலிந்ததற்குக் காரணம், தாழ்வாரத்தின் உள்பக்கச் சுவரை ஒட்டி வைத்திருந்தது. அங்கே வெளிச்சம் வரும், வெயில் வராது. கற்றாழைக்குத் தினமும் மூன்று நான்கு மணி நேரமாவது வெயில் முகத்தில் பட வேண்டும். முற்றத்தின் விளிம்பில் காலை வெயில் சாய்ந்து விழும் பக்கம் எது என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, அங்கே வரிசையாக வையுங்கள். உச்சி வெயில் ஏறும்போது கூரையின் நிழல் செடிமேல் வந்துவிடும். இப்படி ஓர் இடத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நிழல்வலைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

பங்காளிகள் விஷயம். பிரிக்காத பொது வீட்டில் பொது இடத்தைப் புழங்க எல்லாப் புள்ளிக்கும் உரிமை உண்டு. ஆனால் மற்றவர் புழக்கத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் புழங்க வேண்டும், பொதுச்சொத்துக்குச் சேதம் வரக் கூடாது. நான் தோட்டக்கலைக்காரன். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் செய்தது, தண்ணீரை உறிஞ்சும். உரம் கலந்த நீர் வழிந்து நின்றால் தொட்டி வடிவத்தில் வட்டக் கறை விழும். தேய்த்தாலும் போகாது. தூணை ஒட்டி ஈரம் நின்றால் கரையான் வரும். ஆகவே கேட்பதற்கு முன் நீங்களே சில ஏற்பாடுகளைச் செய்துவிட்டுச் சொல்லுங்கள்: இரும்பு ஸ்டாண்டில்தான் வைப்பேன், ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே தட்டு இருக்கும், தண்ணீர் ஊற்றிய அரை மணியில் தட்டைக் கொட்டிவிடுவேன், விசேஷம், முன்னோருக்குப் படைப்பு என்று எல்லோரும் கூடும் நாட்களில் பின்கட்டுக்கு மாற்றிவிடுவேன். 22 தொட்டி வேண்டாம், எட்டுப் பத்து போதும் என்று குறைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. உங்களுக்கும் தூக்கி வைக்கச் சுலபம்.

மிச்சத்தைத் தரையில் வைத்துவிடுங்கள். பின்கட்டுக் கொல்லையில் வேம்போ முருங்கையோ இருந்தால் அதன் கிழக்குப் பக்கம், வெயிலும் நிழலும் கலந்த இடத்தில், ஒரு முழம் அகலத்துக்கு மேடு கட்டி நடுங்கள். தரை மண் தொட்டி அளவுக்குச் சுடாது. மேடு எதற்கென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்காமல் இருக்க. ஒருமுறை வேர் பிடித்தால் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும்.

தொட்டியும் மண்ணும்

பழைய ஊறுகாய் ஜாடியிலும் எனாமல் வாளியிலும் நட்டிருப்பதைப் படித்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடியில் ஓட்டை இல்லாத எதிலும் கற்றாழையை நடக் கூடாது. ஜாடியில் ஓட்டை போடவும் வேண்டாம். துளைக்கும்போது விரிசல் விடும், பழம்பொருளின் மதிப்பும் போய்விடும். சின்ன மண்தொட்டியில் செடியை நட்டு அதை ஜாடிக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

நல்ல தொட்டி என்றால் பூச்சு இல்லாத மண்தொட்டிதான். பக்கவாட்டிலும் ஈரம் காயும், வேருக்குக் காற்று கிடைக்கும். நம் மாவட்டத்திலேயே மானாமதுரையில் செய்கிறார்கள். ஆழத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் கற்றாழை வேர் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் படரும். செடியின் அடியைவிட நான்கு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். "பெரிய தொட்டியில் வைத்தால் நல்லா வளரும்" என்று வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும்.

மண் கலவைக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், இரண்டு பங்கு பருபரு பொருள். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நம் ஊர்ச் சரளையைச் சலித்துத் தூசியை நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த நாட்டு ஓடுகளை இடித்துக் கடலைப் பருப்பு அளவுக்கு ஆக்கினாலும் அருமையாக இருக்கும். தேங்காய் நார்க்கழிவு வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்துவைப்பதற்கென்றே பயன்படுவது.

தொட்டி அடியில் மூன்று அங்குலம் கல் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வடிகால் நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பலரும் இப்படிச் செய்கிறார்கள். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து கல் அடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் இறங்கும். அதனால் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு, அதற்கு மேல் கலவை. வேறு எதுவும் வேண்டாம்.

எப்போது, எந்தத் தண்ணீர்

விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை உருவி, தொட்டி ஓரமாக நான்கு விரல் ஆழம் செருகி ஒரு நிமிஷம் கழித்து எடுங்கள். ஈர்க்கில் மண் ஒட்டிவந்தாலோ உதட்டில் வைத்தால் குளுமை தெரிந்தாலோ இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஊற்றினால் அடி ஓட்டை வழியாக வழியும் வரை முழுதாக ஊற்றுங்கள், குருத்துக்குள் விடாமல் ஓரமாக. தினம் ஒரு கை தெளிப்பது மேலே மட்டும் நனைத்து வேரை ஏமாற்றும் வேலை. கோடையில் மண்தொட்டிக்கு ஏழு முதல் பத்து நாள், பிளாஸ்டிக் தொட்டிக்குப் பத்து முதல் பதினான்கு நாள் என்று வரும். ஆனால் நாள்கணக்கைவிட ஈர்க்கு சொல்வதை நம்புங்கள். கோடையில் வெயில் தாழ்ந்த பிறகு, சாயங்காலம் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிட்டால் வாரக்கணக்கில் ஊற்றாமலே இருக்கலாம்.

தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருப்பது சுண்ணாம்பும் உப்பும். போர்த் தண்ணீரிலிருந்து வந்தது. செடி உடனே சாகாது, ஆனால் உப்பு சேரச் சேர இலை நுனி கருகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிடித்துவைத்த மழைத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினில் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். வீணாக்க மனசு வராதுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

உரம்? ஆடி ஆவணியில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், வருடத்துக்கு ஒருமுறை. சாணிக் கரைசல், டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் நிறுத்திவிடுங்கள்.

இலையிடுக்கில் பஞ்சு மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். எறும்பு ஏறினால் முதலில் அதைத் தடுக்க வேண்டும், பூச்சியை இடம்விட்டு இடம் கொண்டுபோவது அதுதான். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு மட்டும். எண்ணெய் மேல் வெயில் பட்டால் இலை வெந்துவிடும்.

ஐயா காலையில் குடிக்கும் சாறு

உங்கள் வீட்டுக்காரர் காலையில் கற்றாழைச் சாறு குடிப்பதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகவும் உறுத்தியது இதுதான். கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு மருந்தை எல்லாச் செடிக்கும் அடித்தோம், பெயர் ஞாபகமில்லை என்கிறீர்கள். சில பூச்சிமருந்துகள் இலைக்குள் ஊடுருவிச் சாற்றிலேயே கலந்து நிற்கும், கழுவினால் போகாது. அது எந்த மருந்து என்று தெரியாத நிலையில் அந்தச் செடிகளின் இலையை யாரும் சாப்பிட வேண்டாம். மருந்து படாத கன்று கிடைத்தால் தனியாக வளர்த்து, "இது சாப்பிட" என்று சீட்டு கட்டி வையுங்கள்.

மருந்து படாத இலையிலும் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். இலையை வெட்டிச் சாய்த்துவைத்து அதை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு முறை கழுவச் சொன்ன பெரியவர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். அந்தப் பால் கடுமையான பேதி மருந்து. தொடர்ந்து உள்ளே போனால் உடலில் பொட்டாசியம் குறையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல், கற்றாழைப் பால் சேர்த்த பேதி மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பால் நீக்காத முழு இலைச் சாற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருட்களின் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. தோலோடு மிக்சியில் அடித்துக் குடிப்பது என்றால் அந்தப் பாலும் சேர்ந்தே போகிறது. ஐயாவுக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஓடுவதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். கற்றாழை சர்க்கரையை இறக்கலாம், சில அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் குறையும். அவரைப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லாமல் இனி ஒரு வேளையும் வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்குக் கொடுக்கவே கூடாது. முகத்துக்கும் வெயில் பட்ட தோலுக்கும் கழுவிய சோற்றைத் தடவுவதில் பயமில்லை. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சிங்கப்பூரில் இருக்கும் மகள் அப்பத்தா செடியில் ஒரு கன்று கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஊறுகாய், வடகத்தோடு பெட்டியில் வைத்து அனுப்பிவிட வேண்டாம். கற்றாழை இனங்களின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதிலிருந்து சோற்றுக்கற்றாழைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஆனால் செடி எதுவானாலும் நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தாவர சுகாதாரச் சான்று வேண்டும், அந்த நாட்டின் அனுமதியும் வேண்டும். இல்லாமல் போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அபராதமும் வரலாம். அங்கே என்ன அனுமதி வேண்டும் என்று மகளையே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு கன்றைத் தனித்தொட்டியில் பிரித்து வைத்துவிடுங்கள். ஒரு சாண் உயரம் வரட்டும். மாவுப்பூச்சி இல்லாமல், வேர் மண் ஒட்டாமல் கழுவிக் காய்ந்த நிலையில் இருந்தால்தான் சான்றுக்குப் பார்க்கவே எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆடியில் பிரித்தால் அடுத்த தைக்குள் அந்த உயரத்துக்கு வந்துவிடும்.